கிரியாட்டினின் நார்மல் ஆன பிறகும் கிட்னி கெட்ட கதை: உங்கள் அனுபவம் என்ன?

தஞ்சை மைந்தன்:
அப்பாவைக் கடித்தது கண்ணாடி விரியன். அறுப்பு நேரம். விஷமுறிவு மருந்து அன்றைக்கே ஏற்றினார்கள், ஆனாலும் சிறுநீர் நின்றுபோய் டயாலிசிஸ் வரை போனது. கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு; கூடினால் கிட்னி சரியில்லை) 6-ஐத் தாண்டி, அப்புறம் மெல்ல 1.2-க்கு இறங்கியது. டிஸ்சார்ஜ் சீட்டில் பல் வலி மாத்திரை உட்பட எல்லாம் இருந்தது. கிட்னிக்கு மறுபடி எப்போது வரவேண்டும் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அடுத்த வருஷம் கண் ஆபரேஷனுக்குப் போனால் பிரஷர் 170, யூரினில் புரதம், கிரியாட்டினின் 1.9. சர்க்கரை நோய் கிடையாது. விஷம்தான் எப்போதோ போய்விட்டதே, இப்போது கிட்னியைக் கெடுப்பது யார்?

டயாலிசிஸ் டெக்:
விரியன் கடி, எலிக்காய்ச்சல், பேதி, பிரசவ ரத்தப்போக்கு என்று ஒரு மாதம் மெஷினில் இருந்துவிட்டுக் கும்பிட்டு விடைபெற்றுப் போவார்கள். சிலர் சில வருஷம் கழித்து ஃபிஸ்டுலா (தொடர் டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைப்பது) போட்ட கையோடு வருவார்கள். நமக்கு முகம் ஞாபகம் இருக்கும், அவர்கள் கேஸ் ஷீட்டில் பழைய கதை இருக்காது.

லேப் பொண்ணு:
மைந்தன் அண்ணா, உங்கள் கேள்விதான் எங்கள் ஆய்வகத்தின் வேலையே. எலியின் ஒரு பக்கக் கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயை அரைமணி நேரம் போலக் கிளிப் போட்டு அடைத்துவிட்டுத் திறந்துவிடுவோம். அவ்வளவுதான் காயம். ஆனால் வாரங்கள் கழித்து அந்தக் கிட்னியை வெட்டி, தழும்பில் படியும் கொலாஜன் என்ற புரதத்தை நீலமாகக் காட்டும் சாயம் போட்டுப் பார்த்தால், முதலில் இல்லாத நீலம் குழாய்களுக்கு நடுவே பரவியிருக்கும். முதல்முறை பார்த்தபோது ஸ்லைடு மாறிவிட்டதோ என்று நினைத்தேன்.

நடப்பது இதுதான். சாகும் நுண்குழாய்ச் செல்கள் உள்ளே இருந்த ஏடிபி, ஹெச்எம்ஜிபி1 போன்ற மூலக்கூறுகளை வெளியே கொட்டுகின்றன. இவற்றில் ஹெச்எம்ஜிபி1-ஐ உணரும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பி, பாக்டீரியாவின் நச்சைக் கண்டுபிடிப்பதும் அதுவேதான். கிருமியே இல்லாமல் உடம்பு கிருமிச் சண்டைக்குக் கிளம்புகிறது. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள், பின்னாலேயே மேக்ரோஃபேஜ்கள் என்று எதிர்ப்புச் சக்தியின் வெள்ளையணுக்கள் வந்து குவியும். இந்த மேக்ரோஃபேஜ்கள் முதலில் தாக்கும், பிறகு குணம் மாறிக் குப்பையை அள்ளிப் பழுது பார்க்கும். நல்லபடி முடிந்தால் கலைந்துவிடும். காயம் பெரிதாகவோ திரும்பத் திரும்பவோ இருந்தால் கலைவதில்லை. டிஜிஎஃப்-பீட்டா என்ற தழும்பைத் தூண்டும் புரதம் சுரந்துகொண்டே இருக்க, சும்மா இருந்த இழைச்செல்கள் கொலாஜன் நெய்ய ஆரம்பிக்கும். விரிசலை அடைக்கக் கூப்பிட்ட கொத்தனார் ஜன்னலையும் சேர்த்துப் பூசிவிட்ட மாதிரி.

இதில் குழாய்ச் செல்லுக்கும் பங்கு உண்டு. பிரிந்து பெருகப்போய், பாதியில் சிக்கிக்கொள்ளும் செல்களே தழும்பைத் தூண்டும் சமிக்ஞைகளைச் சுரக்கின்றன என்று 2010-இல் பான்வென்ட்ரே என்ற கிட்னி ஆய்வாளரின் குழு எலிகளில் காட்டியது.

சேலத்துக்காரி:
எனக்குப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய் கிட்னி நின்றது. பிறகு “கிரியாட்டினின் 0.8, கவலையே வேண்டாம்” என்றார்கள். இரண்டாவது கர்ப்பத்தில் யூரினில் புரதம்! 0.8 எப்படிப் பொய் சொல்லும்?

லேப் பொண்ணு:
பொய் இல்லை அக்கா, பாதி உண்மை. மிச்சமிருக்கும் நெஃப்ரான்கள் (கிட்னியின் நுண்வடிகட்டிகள்) கூடுதலாக உழைத்து எண்ணை அப்படியே நிறுத்தி வைக்கும். போதாததற்கு, நோயில் படுத்து எழுந்தவருக்குச் சதை கரைந்திருக்கும்; கிரியாட்டினின் சதையிலிருந்துதான் வருகிறது, அதனாலும் குறைவாகக் காட்டும். அதனால்தான் மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது யூரினில் அல்புமின் (புரதம்)-கிரியாட்டினின் விகிதமும் வேண்டும். அது 30 mg/g-க்கு மேல் போனால் கிட்னி டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான்.

தஞ்சை மைந்தன்:
அப்போ ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிட்டால் நின்றுவிடாதா?

லேப் பொண்ணு:
ஆற்றுகிற மேக்ரோஃபேஜையும் சேர்த்து அமுக்கிவிடும். எலியிலேயே, எந்த நேரத்தில் அவற்றை நீக்குகிறோம் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகிறது. இந்தத் தழும்பை மட்டும் நிறுத்தும் மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. பயாப்ஸியில் மருந்து ஒவ்வாமையால் வந்த வீக்கம் என்று தெரிந்தால் ஸ்டீராய்டு யோசிப்பார்கள், அது வேறு கதை.

டயாலிசிஸ் டெக்:
அப்பாவுக்கு மூட்டு வலி என்றால் மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் மாதிரி கிட்னிக்கு ஆகாத வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். பிரஷரை விடாமல் பாருங்கள். புரதம் போவதால் டெல்மிசார்ட்டன் மாதிரி பிரஷர் மாத்திரை தரலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். ஆரம்பித்தால் பொட்டாசியம் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்வார்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், பாம்பு கடித்த விஷயம் அதில்தான் இருக்கிறது.