இரைப்பைப் புற்றுநோய்: முதலில் கீமோவா, ஆபரேஷனா?

கேள்வி | மலர்
நோயாளிக்கு வயது 62. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி, சிடி ஸ்கேனில் டி3 என்1 (கட்டி இரைப்பைச் சுவரில் ஆழமாக இறங்கி, பக்கத்து நிணநீர்க் கணு ஓரிரண்டையும் தொட்டிருக்கிறது). ஆறு மாதத்தில் எடை 68 கிலோவிலிருந்து 58க்கு இறங்கிவிட்டது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 2.8தான், குறைவு. சாப்பிட்டால் வாந்தி. டாக்டர் முதலில் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது), பிறகு கீமோ, அதன்பின்தான் ஆபரேஷன் என்கிறார். வீட்டிலோ "கட்டியை வச்சுக்கிட்டு ஏன் நாள் கடத்தணும், உடனே எடுத்துடலாம்" என்கிறார்கள். தள்ளிப்போட்டால் பரவிவிடாதா?

பதில் | கதிர்
பயம் நியாயம்தான். ஆனால் ஏற்கெனவே பரவியிருக்கிறதா என்று தெரியாமல் வயிற்றைத் திறப்பது அதைவிட ஆபத்து. வயிற்றின் உட்சவ்வில் குருணை அரிசி அளவுக்கு ஒட்டியிருப்பவை சிடியில் பெரும்பாலும் தெரியாது. லேப்ராஸ்கோப்பியில் கண்ணால் பார்ப்பார்கள். சலைன் விட்டுக் கழுவிய நீரையும் செல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதில் புற்றுசெல் இருந்தாலே நாலாம் நிலை. பரவிய பிறகு இரைப்பையை எடுத்துவிட்டுக் கீமோ கொடுத்தவர்கள், கீமோ மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதல் நாள் வாழவில்லை என்று ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் சேர்ந்து நடத்திய ரெகாட்டா ஆய்வு காட்டியது.

அப்படி உட்சவ்வுக்கோ வேறு உறுப்புக்கோ பரவல் இல்லையென்றால் ஃப்ளாட் என்ற நான்கு மருந்துக் கீமோ: இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்றாக ஆபரேஷனுக்கு முன்னால் 4, பின்னால் 4. 2019ல் வெளியான ஜெர்மன் ஆய்வில் சராசரி ஆயுள் (நடுமதிப்பு) பழைய கீமோ முறையில் 35 மாதம், இதில் 50. எட்டுச் சுற்றையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. ஆபரேஷனுக்குப் பின் உடம்பு தாங்குவதில்லை. அதனால்தான் தெம்பு இருக்கும்போதே முதல் நாலைக் கொடுத்துவிடுகிறார்கள்.

பதில் | செல்வி
கீமோவுக்கும் முன்னால் வாந்தியைக் கவனியுங்கள், மலர். காலையில் சாப்பிட்டது சாயங்காலம் செரிக்காமல் வந்தால் இரைப்பையின் வெளிவாய் அடைபட்டிருக்கும். எடையில் கிட்டத்தட்ட 15 சதவீதம் போய்விட்டது. 10ஐத் தாண்டினாலே தையல் போட்ட இடம் ஆறாமல் கசியவும் தொற்று வரவும் வாய்ப்பு கூடும். மூக்கு வழியாக மெல்லிய குழாயைக் கட்டியைத் தாண்டிச் சிறுகுடலில் இறக்கி உணவு கொடுக்கலாம். இலக்கு நாளைக்கு 1500–1700 கலோரி, புரதம் 70–85 கிராம்.

முதல் நாளே முழு அளவு கூடாது. பட்டினி கிடந்த உடம்பில் பாஸ்பேட், பொட்டாசியம் சட்டென்று சரிந்து இதயத்துடிப்பு தடுமாறும். தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, தினமும் ரத்தம் பார்த்தபடி ஒரு வாரத்துக்குள் ஏற்ற வேண்டும். அல்புமின் பாட்டில் ஏற்றினால் எண் ஏறும், உடம்பு தேறாது.

மலர்
நன்றி. ரிப்போர்ட்டில் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பதில் | அரவிந்தன்
பயாப்சியில் எம்எஸ்ஐ பரிசோதனையை (புற்றுசெல்லில் டிஎன்ஏ பிழை திருத்தும் வேலை கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது) இப்போதே கேளுங்கள். அது 'ஹை' என்று வந்தால் வழக்கமான கீமோவின் பலன் குறைவாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

ஆபரேஷனுக்குப் பின் வரும் ரிப்போர்ட்டில் இரண்டு வரிகளைப் பாருங்கள். வெட்டிய விளிம்பில் புற்று இல்லை என்பது ஒன்று. எத்தனை நிணநீர்க் கணு எடுத்தார்கள் என்பது இன்னொன்று: குறைந்தது 16 வேண்டும். ஆறே கணுவை எடுத்து "ஆறிலும் இல்லை" என்று எழுதியிருந்தால் நம்பி உட்காராதீர்கள். ஏழாவதில் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.