பென்ரித் தோற்ற மறுநாள், குடும்பக் குழுவில்

29 செப்டம்பர் 2025, திங்கள்

ரவி மாமா: மருமகன், எழும்பிவிட்டாயா? உங்கள் பென்ரித் அரையிறுதியில் பிரிஸ்பனிடம் 16-14 என்று தோற்றுவிட்டது. தொடர்ந்து ஐந்தாவது கப் என்ற கனவு நேற்றோடு சரி.

கஜன்: எழும்பிவிட்டேன் மாமா. வேலைக்கு ரயிலில் போய்க்கொண்டிருக்கிறேன். 14-0 என்று முன்னால் நின்றுவிட்டுக் கோட்டை விட்டதுதான் மனசுக்கு ஆறவில்லை. பிரிஸ்பன்காரர் நன்றாக ஆடினார்கள், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ரவி மாமா: பென்ரித் கோச் ஐவன் கிளியரி இனிப் போதும் என்று இறங்கலாம். உண்மையைச் சொல்கிறேன், டீமில் ஆடும் மகன் நேத்தன் இல்லாவிட்டால் அவர் சாதாரண கோச்தான்.

கஜன்: மாமா, இதை மட்டும் நான் விடமாட்டேன்.

நிலா அக்கா: காலங்காத்தாலே தொடங்கிவிட்டார்கள் 😄

பெரியப்பா: யாரப்பா இந்த ஐவன்? இங்கே கண்டியும் ஹவ்லொக்கும் ஆடுகிற ரக்பிதானே இதுவும்?

கஜன்: இல்லை பெரியப்பா, அது யூனியன், 15 பேர். இது லீக், 13 பேர். பந்து உங்கள் கையில் இருக்கும்போது எதிரணி ஆறு தரம் உங்களை மடக்கிவிட்டால் பந்து அவர்களுக்குப் போய்விடும். அதனால் ஐந்தாவது தரம் மடக்கியதுமே பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். ட்ரை வைத்தால் 4 புள்ளி, அதற்குப் பிறகு கம்பத்துக்கு நடுவால் உதைத்தால் 2. மற்றப்படி ஓடுவதும் இடிப்பதும்தான்.

பெரியப்பா: சரி, விளங்குது. கதையைச் சொல்லு.

கஜன்: மாமா, நீங்கள் அவரை நேத்தனின் தகப்பனாக மட்டும் பார்க்கிறீர்கள். முதலில் ஆட்டக்காரனாகப் பாருங்கள். மேன்லியில் தொடங்கி, நோர்த் சிட்னி, ரூஸ்டர்ஸ், கடைசியில் ஆக்லாந்து வாரியர்ஸ் என்று நான்கு கிளப். ஃபுல்பேக் இடத்திலும் விடுவார்கள், சென்டர் இடத்திலும் விடுவார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநில அணிக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ ஒருநாளும் ஆடியதில்லை. ஆனால் 1998இல் ரூஸ்டர்ஸுக்காக ஒரே சீசனில் 284 புள்ளி எடுத்தார். அதற்கு முன்னால் அந்தச் சாதனை யாருடையது என்று உங்களுக்கே தெரியும்.

ரவி மாமா: மிக் குரோனின். 1978, 282 புள்ளி. எங்கள் பரமட்டா ஆள். 20 வருசம் யாராலும் தொட முடியவில்லை.

கஜன்: அதைத்தான் தாண்டினார்.

நிலா அக்கா: 2004இல் ஹாசெம் எல் மஸ்ரி 342 எடுத்து அதையும் தாண்டிவிட்டார். லெபனானில் பிறந்து சின்ன வயதில் சிட்னிக்கு வந்த பெடியன்.

சுதா சித்தி: நான் இப்போதுதான் பார்த்தேன். ரவி அண்ணா, ஐவனைப் பற்றி நீங்கள் சிட்னியில் இருந்து கதைக்கிறீர்கள். எங்களுக்கு அவர் ஆக்லாந்து ஆள். 2002இல் வாரியர்ஸ் முதன்முதலாக கிராண்ட் ஃபைனலுக்கு, அதாவது கப்புக்கான கடைசி ஆட்டத்துக்கு, போனபோது டீமில் இருந்தவர். ரூஸ்டர்ஸ் 30-8 என்று அடித்துவிட்டார்கள். அவர் ஆடிய பழைய டீமே. அதோடு ஆட்டத்தை விட்டார்.

சுதா சித்தி: பிறகு 2006இல் எங்களுக்கே கோச்சாக வந்தார். அந்த வருசம் சம்பள வரம்பை மீறியதற்காக வாரியர்ஸுக்கு மைனஸ் 4 புள்ளியோடு சீசன் தொடங்கியது. புதுக் கோச்சுக்கு நல்ல வரவேற்பு!

கஜன்: 2008ஐச் சொல்லுங்கோ சித்தி.

சுதா சித்தி: அதைச் சொல்லாமல் விடுவேனா? பட்டியலில் நாங்கள் எட்டாவது, மெல்பர்ன் முதலாவது. ஆட்டம் மெல்பர்னிலேயே. எட்டாவதாக வந்த டீம் முதலாவதாக வந்த டீமை பைனல்ஸில் (முதல் எட்டு டீமும் ஆடும் கடைசிக் கட்டத்தில்) அடித்தது அதற்கு முன் நடந்ததே இல்லை. 18-15. முடிகிற நேரத்தில் மைக்கேல் விட் ட்ரை வைத்தபோது எங்கள் வீட்டுக்காரர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு சமோவாக்காரர் கதவைத் தட்டினார். என்னவோ ஏதோ என்று பயந்து வந்தவர் இருந்து கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் போனார்.

நிலா அக்கா: அன்று தோற்றது என் டீம் என்பதை யாரும் கவனிக்கவில்லை 😭

சுதா சித்தி: நான்கு மாதம் கழியவில்லை, 2009 ஜனவரியில் எங்கள் ஆட்டக்காரன் சானி ஃபாய் போய்விட்டான். 20 வயது. பெத்தல்ஸ் கடற்கரையில் அலையில் மாட்டின உறவுப் பிள்ளைகளைக் காப்பாற்றக் கடலில் இறங்கினவன், உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பெடியங்களை வைத்துக்கொண்டு அந்த சீசனை நடத்தவேண்டி இருந்தது ஐவனுக்கு. புள்ளிப் பட்டியலில் தெரியாது அது. ஒரு கோச்சை நான் அந்த மாதிரி வருசத்தில்தான் எடைபோடுவேன் அண்ணா.

ரவி மாமா: ஓம் சுதா. எனக்கு அது ஞாபகம் இருக்கு.

சுதா சித்தி: 2011இல் ஷான் ஜான்சனை 20 வயதில் இறக்கி, மறுபடி கிராண்ட் ஃபைனலுக்குக் கொண்டுபோனார். மேன்லியிடம் 24-10. அதுவும் தோல்வி.

பெரியப்பா: ஆடினதும் தோல்வி, கோச் பண்ணினதும் தோல்வியா?

கஜன்: இன்னும் இருக்கு பெரியப்பா. அடுத்து பென்ரித்துக்கு வந்தார், 2012. கிளப்பில் காசும் இல்லை, டீமும் இல்லை. முதல் வருசம் 15ஆவது இடம். 2014இல் நான்காவதாக வந்து, கிராண்ட் ஃபைனலுக்கு ஒரு ஆட்டம் முன்னால் நின்றோம். அந்த வருசத்தின் சிறந்த கோச் விருது அவருக்குத்தான். அடுத்த வருசம் பாதிப் பேருக்குக் காயம், டீம் சரிந்தது. 2015 ஒக்டோபரில் வேலையில் இருந்து நிறுத்திவிட்டார்கள். கிளப்பை நடத்திய ஃபில் கூல்டு சொன்ன காரணம், ஆள் களைத்துப்போய்விட்டார் என்பது.

கஜன்: அப்போது நேத்தன் பென்ரித்தின் இளையோர் அணியில் இருந்தான் மாமா. தகப்பனைக் கலைத்த கிளப்பிலேயே அடுத்த வருசம் 18 வயதில் முதலாம் அணிக்கு வந்தான். தகப்பன் கொண்டுவரவில்லை. தகப்பன் அங்கே இல்லவே இல்லை.

ரவி மாமா: சரி, அது உண்மை. ஆனால் டைகர்ஸ் கிளப்பை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடினாரே? என்னோடு வேலை செய்கிறவர் டைகர்ஸ் ஆள். இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மாறும்.

கஜன்: அந்தக் கோபம் நியாயமானது, நான் மறுக்கமாட்டேன். 2017இல் டைகர்ஸுக்குப் போனார், 2018இல் ஒன்பதாவதாகக் கொண்டுவந்தார், ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருசம் இருக்கும்போதே பென்ரித் கூப்பிட்டதும் திரும்பிவிட்டார். மகனோடு சேர வேண்டும் என்ற ஆசை எனக்கு விளங்குது. ஆனால் அவரை நம்பி வந்த ஆட்டக்காரருக்கு அது சரியில்லை.

ரவி மாமா: அப்படிச் சொல்லு.

கஜன்: 2020. தொடர்ந்து 17 வெற்றி. கிராண்ட் ஃபைனலில் மெல்பர்னிடம் 26-20. மூன்றாவது தோல்வி, பெரியப்பா.

நிலா அக்கா: நன்றி, நன்றி 💜

கஜன்: 2021தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிசு. கோவிட் என்று முழு லீகையும் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பைனல்ஸின் முதல் வாரம் சவுத்ஸிடம் (சவுத் சிட்னி டீம்) தோல்வி. அதற்குப் பிறகு பாருங்கள்: பரமட்டாவை 8-6. மெல்பர்னை 10-6. கிராண்ட் ஃபைனலில் அதே சவுத்ஸை 14-12. யாரையும் அடித்து நொறுக்கவில்லை, மறித்தே வென்றார்கள். எங்கள் கிரைட்டன் குறுக்கே பாய்ந்து சவுத்ஸின் கோடி வாக்கரின் பாஸைப் பறித்து ஓடியது, அப்புறம் ஓரக்கோட்டில் இருந்து அவர்களின் ரெனால்ட்ஸ் உதைத்தது கம்பத்துக்கு வெளியே போனது, அவ்வளவுதான் வித்தியாசம். ஐவனுக்கு அப்போது 50 வயது. ஆட்டக்காரனாக ஒன்று, கோச்சாக இரண்டு என்று தோற்ற பிறகு கிடைத்த முதல் கப்.

பெரியப்பா: 50 வயது வரைக்கும் பொறுத்தானா மனிசன்!

ரவி மாமா: 2022ஐ யாரும் சொல்லவேண்டாம்.

கஜன்: சொல்லவில்லை மாமா.

நிலா அக்கா: ஃபைனலில் பென்ரித் பரமட்டாவை 28-12.

ரவி மாமா: நிலா!! நான் சிட்னியில் வந்து இறங்கினது 1986. அந்த வருசம் பரமட்டா கன்டர்பரியை 4-2 என்று வென்று கப் அடித்தது. அதுதான் கடைசி. எத்தனை வருசம் காத்திருந்து போன ஃபைனல் தெரியுமோ? அரைநேரத்துக்குள்ளேயே 18-0.

கஜன்: அந்தப் பரமட்டா 81, 82, 83 என்று தொடர்ந்து மூன்று அடித்ததே மாமா. 40 வருசம் அதை யாரும் எட்டவில்லை. 2023இல் எட்டியது ஐவனின் டீம். 2024இல் நான்காவது. தொடர்ந்து நான்கு என்பது 1956இல் இருந்து 66 வரை 11 கப் அடித்த சென்ட் ஜார்ஜுக்குப் பிறகு இவர்கள்தான். அந்தக் காலத்தில் சம்பள வரம்பு கிடையாது.

பெரியப்பா: சம்பள வரம்பு என்றால்?

கஜன்: ஒரு டீம் ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் மொத்தக் காசுக்கு உச்ச வரம்பு இருக்கு பெரியப்பா. கப் அடித்தால் எல்லாருடைய விலையும் ஏறும். அப்போது எல்லாரையும் வைத்திருக்க முடியாது. அதனால் வெல்கிற டீம் தானாகவே உடையும், அதற்காகவே வைத்த விதி. மாமாவுக்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான். 2021 முடிய பர்ட்டன் போனான். 2022 முடிய கிக்காவும் கொரோய்சாவும். 2023 முடிய கிரைட்டனும் லெனியூவும். 2024 முடிய லுவாய், ஃபிஷர்-ஹாரிஸ், துருவா. ஆட்டக்காரர் மட்டுமில்லை, துணைக் கோச்மாரும் போனார்கள். சிரால்டோ இப்போது புல்டாக்ஸின் தலைமைக் கோச், வெப்ஸ்டர் வாரியர்ஸின் தலைமைக் கோச். ஒவ்வொரு வருசமும் வெளியே விலை கொடுத்து நட்சத்திரம் வாங்காமல், பென்ரித்தின் சின்ன கிளப்புகளில் 6 வயதில் இருந்து ஆடிவந்த பெடியங்களை அந்த இடத்துக்கு ஏற்றிவிட்டார். நேத்தன் ஒருவன்தான் மாமா. மற்ற இடங்களில் பலதும் மாறிக்கொண்டே இருந்தது.

சுதா சித்தி: வெப்ஸ்டர் வந்த முதல் வருசமே சிறந்த கோச் விருது எடுத்தார். ஃபிஷர்-ஹாரிஸும் இப்போது எங்களிடம். எங்களுக்கு ஐவன் இன்னும் சாமான் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார் 😀

ரவி மாமா: லுவாய், கிரைட்டன், டோஓ எல்லாம் மேற்குச் சிட்னியின் மவுண்ட் ட்ரூயிட் பக்கத்துப் பெடியங்கள். அந்த இடத்தின் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிற ஆட்கள் எங்கள் சனத்துக்குள்ளும் இருக்கினம். அந்தப் பெடியங்களை நம்பினது பெரிய விசயம்தான்.

கஜன்: 2023 ஃபைனலை ஞாபகப்படுத்துங்கள் மாமா. நீங்களும் எங்கள் வீட்டில் இருந்தீர்கள். பிரிஸ்பனின் எஸ்ரா மாம் அடுத்தடுத்து மூன்று ட்ரை வைத்து அவர்களுக்கு 24-8. லுவாய் தோளில் அடிபட்டு வெளியே. 20 நிமிடம்கூட இல்லை. லியோட்டா ஒன்று வைத்தான், கிரைட்டன் ஒன்று வைத்தான், 24-20. இடையில் நேத்தன் தன் பக்கத்தில் இருந்து உதைத்த பந்து மறுகோடியில் 20 மீட்டர் கோட்டுக்குள் தரையில் பட்டு ஓரத்தால் வெளியே உருண்டது, பந்து திரும்ப எங்களுக்கு. முடிய நான்கைந்து நிமிடம் இருக்கும்போது அவனே பந்தை எடுத்து, கால் மாற்றி உள்ளே வெட்டி, நடுவில் போய் விழுந்தான். பிறகு உதைத்ததும் அவனே. 26-24.

ரவி மாமா: அங்கே நீயே சொல்கிறாய், நேத்தன்தானே வென்று கொடுத்தான்?

கஜன்: கடைசி வெட்டு அவனுடையது. ஆனால் 16 புள்ளி பின்னால் நிற்கும்போது ஒருவரும் அவசரப்பட்டுப் பந்தை எறியவில்லையே, அதை யார் பழக்கியது?

ரவி மாமா: ம்.

நிலா அக்கா: நான் எதிர்க்கட்சி, ஆனாலும் சொல்கிறேன். இந்த வருசம் மே கடைசியில் பென்ரித் பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கிருந்து தொடர்ந்து ஒன்பது வென்று, ஏழாவதாக உள்ளே வந்து, ஆக்லாந்தில் சித்தி டீமை 24-8, பிறகு புல்டாக்ஸை 46-26. நேற்று 2 புள்ளியில் விட்டார்கள். அது இறங்க வேண்டிய கோச் இல்லை ரவி மாமா.

பெரியப்பா: இவ்வளவு தோல்வியைத் தாண்டி வந்த ஆளுக்கு இது பெரிய அடியாக இராது.

ரவி மாமா: சரி சரி. சாதாரண கோச் என்றதை எடுத்துவிடுகிறேன். டைகர்ஸ் விசயத்தில் என் கதை அப்படியே இருக்கு.

கஜன்: அதில் நானும் உங்கள் பக்கம்தான் மாமா.

சுதா சித்தி: ஞாயிறு கிராண்ட் ஃபைனலில் யார் பக்கம் எல்லாரும்? பிரிஸ்பனா மெல்பர்னா?

நிலா அக்கா: இதென்ன கேள்வி சித்தி. மெல்பர்ன் 💜💜

கஜன்: நேற்று எங்களை அடித்தவர்களுக்குக் கை தட்ட மனம் வராது. மெல்பர்ன்.

ரவி மாமா: பிரிஸ்பன். ஞாயிறு ஆறு மணிக்கே இங்கே வாருங்கள், மாமி ஆட்டிறைச்சிக் கறியும் இடியப்பமும் செய்கிறா. கஜன், வரும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு வா.

கஜன்: வருகிறோம் மாமா. பென்ரித் ஜெர்சியோடுதான் வருவோம்.