மழைக்காலம் வந்தால் தூக்கம் போகிறது. கவலைப்படுவது விசுவாசக் குறைவா?

கேள்வி: தூத்துக்குடி சகோதரி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் கணவர் உப்பளத்தில் தினக்கூலிக்கு உப்பு வாருகிறார்; நான் வீட்டில் தையல் தைக்கிறேன். ஐப்பசியில் பருவமழை தொடங்கிப் பாத்திகளில் தண்ணீர் நின்றுவிட்டால், தை பிறந்து அளத்தைச் சீர்செய்யும் வரை அவருக்குக் கூலி இல்லை. ஊரெல்லாம் மழைக்காக ஜெபிக்கும்போது எனக்கு மட்டும் அடிவயிறு கலங்குகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றதிலிருந்து இந்தப் பயம் இன்னும் கூடிவிட்டது. அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் கைகொடுக்கிறது என்றாலும், மகளின் கல்லூரிக் கட்டணத்தையும் நகைக்கடன் வட்டியையும் நினைத்து இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறேன். மகளுடைய பழைய நோட்டின் பின்பக்கத்தில் நேற்றுப் போட்ட கணக்கையே மறுபடியும் போடுகிறேன். விடை ஒருநாளும் மாறுவதில்லை.

ஜெபிக்காமல் இல்லை. ஆனால் வேதத்தில் பிலிப்பியர் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் ‘ஒன்றுக்குங்கவலைப்படாமல்’ என்று வாசிக்கும்போது ஆறுதல் வராமல் குற்றவுணர்வே வருகிறது. கவலைப்படுகிறவளுக்கு விசுவாசம் இல்லை என்றுதான் பொருளா? போதுமென்கிற மனது வேண்டும் என்றால், இன்னும் கொஞ்சம் சம்பாதிக்க நினைப்பதே தவறா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர்

சகோதரி, அந்த வசனத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுல் அப்போது காவலில் கட்டுண்டிருந்தார். தம் வழக்கு விடுதலையில் முடியுமா மரணத்தில் முடியுமா என்பதே அவருக்குத் தெரியாது. அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், எல்லாச் சபைகளையும் பற்றிய கவலை தம்மை நாள்தோறும் நெருக்குகிறது என்று ஒளிக்காமல் சொல்கிறார். கிரேக்க மூலத்தில் இரண்டு இடங்களிலும் வருவது ஒரே வேரிலிருந்து பிறந்த சொல். எனவே கவலை மனதுக்குள் நுழைந்ததாலேயே உங்களுக்கு விசுவாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நீங்களும் அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அந்த வசனத்தைத் தொடர்ந்து வாசியுங்கள். விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்கிறது. இரவில் நீங்கள் நோட்டில் எழுதும் ஒவ்வொரு தொகையும் ஒரு விண்ணப்பம்தானே? அதை உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கட்டணம் இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அதே அதிகாரத்தில் பவுல், எந்த நிலைமையிலும் ‘மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்’, அதாவது போதுமென்ற மனதோடிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு அந்தக் ‘கற்றுக்கொண்டேன்’ என்ற சொல் பெரிய ஆறுதல். பசியிலும் நிறைவிலும் பயின்று, மெல்ல மெல்ல அவருக்குக் கைவந்த பாடம் அது. சம்பாதிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள்: அவர் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தவர். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவிடம் கொடுத்தனுப்பிய உதவியையும் நன்றியோடு வாங்கிக்கொண்டார். நீங்கள் தைக்கும் ஒவ்வொரு துணியும் நல்ல உழைப்பு.

பதில்: கோவை அக்கா

எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடப்பட்ட ஆண்டில், அரிசி டின்னுக்குள் உழக்கை விடும்போது அது அடித்தகரத்தில் உரசும் சத்தம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்த நாட்களில், பஞ்சத்தில் கடைசிப் பிடி மாவோடு இருந்த சாறிபாத் ஊர் விதவையின் கதையை வேறு கண்ணோடு வாசித்தேன். தீர்க்கதரிசி எலியாவுக்கு அடை சுட்டுக்கொடுத்த பிறகு அவளுடைய பானை நிரம்பி வழிந்ததாக வேதம் சொல்லவில்லை. மா செலவழிந்துபோகவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அப்படியென்றால் அவள் ஒவ்வொரு காலையும் அன்றைக்குப் போதுமான மாவை மட்டும் பார்த்திருப்பாள், நாளைக்கு உரியதைப் பார்த்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் உணவாகத் தந்த மன்னாவும் அப்படித்தான். மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்துப்போயிற்று.

ஆலயத்துக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும், என் அம்மா வழியாக வந்த கைப்பிடி அரிசிக் காணிக்கையை அந்த ஆண்டும் நான் நிறுத்தவில்லை. கையில் ஒன்றுமில்லாதவள் என்ற எண்ணம் அந்த ஒரு பிடியில்தான் என்னை விட்டுப் போயிற்று.

பதில்: செவிலியராகப் பணிபுரியும் சகோதரி

அக்கா சொன்ன அதே எலியா, பிறகு சூரைச்செடியின்கீழ் படுத்து, சாக வேண்டுமென்று கேட்டார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, இரண்டு முறை சாப்பிடச் சொன்னான். தினமும் இரண்டு மணிக்கு விழிப்பு வருவது வாரக்கணக்கில் நீடித்தால், ஜெபத்தோடு ஒரு மருத்துவரையும் பாருங்கள். உறக்கமில்லாத உடலுக்கு எல்லாக் கணக்கும் பெரிதாகவே தெரியும்.

கேள்வி கேட்ட சகோதரி

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி நேற்று இரவு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொகையாகச் சொல்லி ஜெபித்தேன். அப்படிச் சொல்லும்போதுதான், நகைக்கடன் வட்டிக்கு மாசி வரை தவணை இருக்கிறது, இந்த வாரம் கொடுக்க வேண்டியது பால் பணமும் மகளின் பேருந்துக் காசும் மட்டுமே என்பது புரிந்தது. விழிப்பு வந்தது உண்மை. ஆனால் மூன்று மணிக்கு மறுபடியும் தூங்கிவிட்டேன். வியாழக்கிழமை அரசு மருத்துவமனைக்குச் செல்கிறேன்.

அக்கா, அந்தக் கைப்பிடி அரிசியை ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போதே எடுத்து வைப்பீர்களா, அல்லது ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக அளப்பீர்களா?