தோட்டங்களில் செழிக்கும் கொரிய ஃபிர், ஹல்லா மலையில் பட்டுப்போவது ஏன்?

கடலோரி:
வணக்கம். தென்கொரியாவின் ஜேஜு தீவிலுள்ள ஹல்லா மலையில் ஏறுகிறவர்கள், 1,500 மீட்டர் உயரத்தைத் தாண்டியதும் வெளுத்துப்போய் நிற்கும் பட்டமரங்களைப் பார்க்காமல் உச்சியை அடைய முடியாது. அவற்றுள் பெரும்பாலானவை கொரிய ஃபிர் என்னும் ஊசியிலை மரங்கள். தென்கொரியாவின் சில மலைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத இந்த மரம், அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆனால் ஐரோப்பிய நாற்றுப்பண்ணைகளில் இதே மரம் தாராளமாக விற்கப்படுகிறது. அங்கே செழிப்பது சொந்த மலையில் மடிவதற்குக் காரணம் நோயா, பூச்சியா, வெப்பமா?

பசுங்கூம்பு:
முதன்மையான காரணம் நீர். அதுவும் வசந்தகாலத்து நீர். கொரியாவில் மழையின் பெரும்பகுதி கோடையில்தான் பெய்கிறது. அதற்கு முந்தைய மாதங்களில் மரம் புதுத்தளிர் விடும்போது, மெல்ல உருகும் பனிதான் மண்ணை ஈரமாக வைத்திருக்க வேண்டும். குளிர்காலம் வெதுவெதுப்பாகி, பனி குறைந்தோ முன்கூட்டியே உருகியோ போய்விட்டால், ஆண்டு முழுவதும் ஊசியிலைகளைத் தாங்கி நிற்கும் இம்மரம் இலைவழி இழக்கும் நீரை வேர்வழி ஈடுசெய்ய இயலாமல் வாடுகிறது. இம்மலையில் எரிமலைப் பாறைமேல் மண் மெல்லியதாகவே படிந்திருப்பதால் வேர்களும் ஆழமாக இறங்குவதில்லை. தளர்ந்த மரங்களைச் சூறாவளி எளிதில் சாய்த்துவிடுகிறது.

வேறு மரமாக இருந்தால், தலைமுறை தலைமுறையாக விதை பரப்பிக் குளிர்ந்த உயரங்களுக்கு நகரலாம். ஹல்லா மலையின் உயரமோ 1,947 மீட்டர். அதற்குமேல் ஏற இடமில்லை. இம்மரம் வளரும் மற்ற கொரிய மலைகளான சிரி மலை, தொக்யூ மலை ஆகியவற்றிலும் இதே நெருக்கடிதான்.

கடலோரி:
தெளிவான விளக்கத்திற்கு நன்றி ஐயா. அப்படியானால் வெளிநாட்டுத் தோட்டங்களிலிருந்து விதைகளைக் கொண்டுவந்து காட்டை மீட்க முடியாதா?

இலைநரம்பு:
அது பயன்தராது என்பதே என் கருத்து. 1917ஆம் ஆண்டில் ஜேஜுவுக்குச் சென்ற தாவர ஆய்வாளர் எர்னஸ்ட் வில்சன், அதுவரை வேறொரு ஃபிர் இனமாகக் கருதப்பட்ட இதனைத் தனி இனமென்று உணர்ந்து, 1920இல் ஏபிஸ் கொரியானா எனப் பெயரிட்டார். அதன்பின் மேலைநாட்டுத் தோட்டக்காரர்கள் இதை விரும்பியதற்கு அழகே காரணம்: ஆளுயரம் எட்டுவதற்குள்ளேயே கிளைகளின்மேல் நிமிர்ந்து நிற்கும் நீலஊதாக் கூம்புகளைக் காய்க்கத் தொடங்கிவிடும். ஊசியிலைகள் சுருண்டு வெள்ளி அடிப்புறத்தைக் காட்டும் ‘சில்பர்லாக்கே’ போன்ற வகைகள் ஒட்டுக்கட்டிப் பெருக்கப்படுபவை. ஆயிரம் கன்றுகள் இருந்தாலும் மரபணு அளவில் அவை ஒரே மரம்தான். காட்டுக்கு வேண்டியது வறட்சியைத் தாங்கும் பலவகை மரபணுக்கள். அவை ஹல்லாவிலும் சிரியிலும் இன்னும் உயிரோடு நிற்கும் மரங்களின் விதைகளிலேயே கிடைக்கும். கொரிய ஆய்வாளர்களும் அவற்றைச் சேகரித்துத்தான் நாற்று வளர்க்கிறார்கள்.

பசுங்கூம்பு:
உண்மை. ஆனால் நாற்று நட்டால் மட்டும் போதாது. ஹல்லாவின் மேற்சரிவுகளில் அடர்ந்து பரவியுள்ள குட்டைமூங்கில் நிலத்தை மூடிக்கொள்வதால், விழும் விதை முளைத்தாலும் ஒளி கிடைக்காமல் மடிகிறது. முன்பு அங்கே மேய்ந்த குதிரைகளும் மாடுகளும் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தன. மேய்ச்சல் நின்றபின் அது தடையின்றிப் படர்ந்தது. ஆகவே நடுகின்ற இடத்தில் மூங்கிலை வெட்டி, அது மீண்டும் எழாதவாறு சில ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருக்கும்.