ஃபயர் புரொடெக்‌ஷன் வேலைல சேரலாமா? ஊர் சேலம், வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க

ஓமலூர்_மெக்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. போன வருசம் மெக்கானிக்கல் முடிச்சேன், இருந்த ரெண்டு அரியரும் இப்பதான் கிளியர் ஆச்சு. இங்க சேலத்துலயே ஃபயர் கான்ட்ராக்ட் எடுக்கற ஒரு சின்ன கம்பெனில சைட் இஞ்சினியரா கூப்பிடறாங்க, மாசம் 14 ஆயிரம், ஹைட்ரன்ட் லைன் (தீயணைக்க ஹோஸ் மாட்டற தண்ணிக் குழாய்), ஸ்பிரிங்ளர் லைன் (கூரைல இருந்து தானா தண்ணி தெளிக்கறது) போடற வேலையாம். எங்கப்பா என்னடான்னா இஞ்சினியரிங் படிச்சுப்போட்டு ஃபயர் வண்டில ஏறப் போறியாங்கறார், எனக்கே அது இல்லன்னு தெரியுதே தவிர வேற என்னன்னு எடுத்துச் சொல்லத் தெரியல. இதுக்கு நடுவுல ஒரு பிரெண்டு ஆறு மாச ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ இருக்குது, 65 ஆயிரம் கட்டுனா துபாய்ல வேலை கேரன்ட்டிங்கறான். எது பண்ணட்டும்? இந்த லைன்ல இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க.

அம்மாபேட்டை_பொண்ணு:
தம்பி, மொதல்ல அந்த 65 ஆயிரத்த கட்டாதீங்க. வேலைக்கு கேரன்ட்டி குடுக்கறவங்க எழுத்துல குடுப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க, பேச்ச மாத்திருவாங்க.

நான் சென்னைல ஃபயர் டிசைன்ல 9 வருசமா இருக்கேன். அப்பாகிட்ட இப்படிச் சொல்லுங்க, நெருப்பு புடிச்சப்பறம் போறது ஃபயர் சர்வீஸ், புடிச்சா பரவாம இருக்க கட்டடம் கட்டும்போதே பைப்பு பம்ப்பு அலாரம் படிக்கட்டு எல்லாத்தையும் கணக்குப் போட்டு வெக்கறது நம்ம வேலை. கணக்குன்னா நிஜமாவே கணக்குதான், நீங்க ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்சதேதான். கே பேக்டர் (எவ்வளவு பிரஷருக்கு எவ்வளவு தண்ணி வரும்னு சொல்ற நம்பர்) 80 இருக்கற ஒரு ஸ்பிரிங்ளர்ல அரை பார் பிரஷர் இருந்தா நிமிசத்துக்கு சுமார் 57 லிட்டர் தண்ணி வரும், இதுல இருந்து ஆரம்பிச்சு கடைக்கோடி ஸ்பிரிங்ளர்ல இருந்து ஒவ்வொரு பைப்பா ஃப்ரிக்‌ஷன் லாஸ் (பைப்புல உரசிக் கொறையற பிரஷர்) கூட்டிக்கிட்டே பின்னாடி வந்தீங்கன்னா பம்ப் எவ்வளவு பெருசு வேணும், டேங்க் எவ்வளவு கட்டணும்னு தெரிஞ்சுரும். அப்பறம் சினிமால காட்டற மாதிரி ஒண்ணு வெடிச்சா எல்லா ஸ்பிரிங்ளரும் கொட்டாது, சாதாரண வகைல ஒவ்வொரு ஸ்பிரிங்ளர் வாயையும் ஒரு சின்ன கண்ணாடி பல்பு அடைச்சிருக்கும், எந்த பல்புல சூடு ஏறுதோ அது மட்டும்தான் உடையும், செவப்பு பல்புன்னா 68 டிகிரி.

14 ஆயிரம் கம்மிதான், பொய் சொல்லல. ஆனா ரெண்டு வருசம் சைட்ல பைப்பு எப்படி வருதுன்னு பாத்துட்டு டிசைனுக்கு வர்றவங்களுக்கும் நேரா ஆட்டோகேட்ல (கம்ப்யூட்டர்ல டிராயிங் போடற சாப்ட்வேர்) உக்கார்றவங்களுக்கும் நல்லாவே வித்தியாசம் தெரியும். நான் ரெண்டாவது ரகம், பீம் நடுவுல பைப்ப ஓட்டி ஃபோர்மேன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். ராத்திரில என்பிசி 2016 (நம்ம நாட்டு கட்டட விதிப் புத்தகம்) பார்ட் 4 படிங்க, அப்பறம் இந்தியன் ஸ்டாண்டர்ட்ல ஸ்பிரிங்ளருக்கு ஐஎஸ் 15105, அலாரத்துக்கு ஐஎஸ் 2189. வெளிநாடு போற ஐடியா இருந்தா என்எஃப்பிஏங்கற அமெரிக்க ஃபயர் ஸ்டாண்டர்ட்ல 13 (ஸ்பிரிங்ளர்), 20 (பம்ப்), 72 (அலாரம்) இந்த மூணு.

மேட்டூர்_பி_ஷிப்ட்:
அக்கா சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன். சேஃப்டி ஆபீசர் வேற, ஃபயர் புரொடெக்‌ஷன் இஞ்சினியர் வேற, அந்த டிப்ளமோக்காரங்க ரெண்டையும் ஒண்ணாக் கொழப்பி விக்கறாங்க. நான் பேக்டரில சேஃப்டி பாக்கறேன். அதுக்கு வரணும்னா சென்னை ரீஜனல் லேபர் இன்ஸ்டிட்யூட்ல ஒரு வருச டிப்ளமோ இருக்குது, இல்ல திருச்சி என்ஐடில இண்டஸ்ட்ரியல் சேஃப்டி எம்டெக் இருக்குது. ஃபயர்லயே டிகிரின்னா நாக்பூர் நேஷனல் ஃபயர் சர்வீஸ் காலேஜ், கொச்சில குசாட் யுனிவர்சிட்டி, ஆனா அதெல்லாம் பிளஸ் டூ முடிச்சுட்டுப் போறது, உங்களுக்கு இப்ப அது தேவையில்ல.

இன்னொண்ணு, சேலத்துல என்னடா ஃபயர் வேலைன்னு நெனைக்காதீங்க. சேகோ (ஜவ்வரிசி) பேக்டரில பறக்கற கெழங்கு மாவு இருக்குதே, மூட்டைல கெடந்தா அது பாட்டுக்குக் கெடக்கும், அதே மாவு மூடுன ரூமுக்குள்ள தூசியாப் பறக்கும்போது ஒரு பொறி பட்டா வெடிக்கும். எத்தன பேருக்கு இது தெரியும்? துணி குடோன், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம்னு வேலை நெறையவே இருக்குது.

20வது_வளைவு:
ஏற்காட்ல ஒரு ரிசார்ட்ல மெயின்டனன்ஸ் பாக்கறவன்ங்க நான், பெரிய படிப்பெல்லாம் இல்ல. எங்க எடத்துல டீசல் ஃபயர் பம்ப் போட்டாங்க, சேலத்துல போடற அதே இஞ்சினக் கொண்டாந்து மாட்டிட்டுப் போயிட்டாங்க. டெஸ்ட் பண்ணுனா மூச்சு வாங்குது, அவங்க வால்வுங்கறாங்க பில்டருங்கறாங்க. கடைசில வேற ஒரு இஞ்சினியர் வந்து சொன்னாரு, மேல காத்து கம்மி, அதனால 300 அடிக்கு மேல ஒவ்வொரு ஆயிரம் அடி ஒசரத்துக்கும் 3 சதவீதம் பவர் கழிக்கணும்னு என்எஃப்பிஏ 20லயே இருக்குது, ஏற்காடு கிட்டத்தட்ட 5000 அடி, அப்ப சுமார் 14 சதவீதம் போச்சுல்லன்னு. இஞ்சின மாத்துனப்பறம்தான் சரியாச்சு. ஃபயர் வண்டி வர்ற வரைக்கும் எங்களுக்கு அந்த பம்ப்புதான் சாமி. அதனால தம்பி, கீழ கட்டறத அப்படியே மேல கொண்டாந்து கட்டற இஞ்சினியர் ஆயிராதீங்க, அவ்ளோதான்.

இன்னொரு விசயம், வேலை முடிஞ்சப்பறம் பேனல்ல பம்ப்ப ஆட்டோல விட்டுட்டுப் போகச் சொல்லுங்க உங்க ஆளுங்கள. லைன்ல பிரஷர் கொறையாம பாத்துக்கற சின்ன ஜாக்கி பம்ப் சத்தம் தூங்க விடலன்னு மேன்யுவல்ல போட்டுருவாங்க, அப்பறம் நெருப்பு புடிச்சாலும் பம்ப் தானா ஓடாது, கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன்ல இருந்து எல்லாரும் இதப் பண்றாங்க.

ஓமலூர்_மெக்:
ரொம்ப தேங்க்ஸ்ங்க அக்கா, அண்ணன்களே. அந்த ஏற்காடு பம்ப் கதைய அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன், இது மோட்டார் வேலைதானே, மொதல்லயே சொல்றதுக்கு என்னங்கறார். அவரு கெணத்து மோட்டார் பாக்கறவர்ங்க! திங்கக்கெழமை சேரலாம்னு இருக்கேன். சேரும்போது என்ன கேக்கணும்?

அம்மாபேட்டை_பொண்ணு:
டெஸ்டிங் கமிஷனிங் (எல்லாத்தையும் ஓட்டிப் பாத்து ஒப்படைக்கறது) அன்னிக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு கேளுங்க. பெட்ரோல் காசு தனியாத் தருவாங்களான்னும் கேட்ருங்க, 14 ஆயிரத்துல கருப்பூருக்கும் கொண்டலாம்பட்டிக்கும் வண்டி ஓட்டுனா ஒண்ணும் மிஞ்சாது. சேஃப்டி ஷூ அவங்க தரலைன்னா சொந்தக் காசுல வாங்கிருங்க, ஆறு இஞ்ச் பைப்பு கால்ல விழுந்தா செருப்பு தாங்காது.