கொமட் தாங்கியில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, என்ன செய்யலாம்?

கல்லடி:
மூன்று நாளாகக் கொமட் தாங்கி நிரம்பியும் தண்ணீர் நிற்கவில்லை. கொமட்டின் பின்பக்கச் சுவரில் நூல் மாதிரி வழிந்துகொண்டே இருக்கிறது. இரவில் சத்தம் கூட. அம்மா நித்திரையால் எழும்பி எழும்பி வால்வைப் பூட்டுகிறா. பைப் வேலை செய்யும் பாஸ் ஒருவர் வந்து பார்த்து, உள்ளே இருக்கும் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார். உண்மையாகவே மாற்றத்தான் வேண்டுமா?

அக்கரைப்பற்று:
தங்கச்சி, இப்பவே ஒரு சாமானும் வாங்க வேண்டாம். தாங்கி மூடியைத் தூக்கிப் பாருங்கள். நடுவில் நிமிர்ந்து ஒரு குழாய் நிற்கும், தண்ணீர் கூடினால் அதற்குள் வழிந்து கொமட்டுக்குப் போகும். சுவரில் உள்ள வால்வைப் பூட்டிவிட்டு அரை மணித்தியாலம் விடுங்கள். தண்ணீர் அந்தக் குழாயின் வாய் மட்டத்திலேயே நின்றால், தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில்தான் பிழை. அதுக்குக் கீழேயும் இறங்கினால் அடியில் இருக்கும் வோஷர் போய்விட்டது.

கல்லடி:
குழாய் வாய்க்குச் சரியாக நிற்கிறது. திரும்பத் திறந்து மிதவையைக் கையால் முழுக்கத் தூக்கிப் பிடித்தேன், அப்பவும் உள்ளே வருகிறது.

அக்கரைப்பற்று:
அப்படியென்றால் மிதவையை இறக்கி வைத்தும் பயனில்லை. கைக்கே நிற்காத தண்ணீர் மிதவைக்கு எப்படி நிற்கும்? ஊர் படுத்த பிறகு மெயின் லைனில் அழுத்தம் கூடும், இரவுச் சத்தம் அதனால்தான். பக்கத்தில் பைப் லைன் வேலை ஏதும் நடந்ததா?

கல்லடி:
ஓம், போன கிழமை எங்கள் ஒழுங்கையில் கிண்டினார்கள்.

அக்கரைப்பற்று:
சரி, அப்ப பைப்பால் வந்த மண் உள்ளே சிக்கியிருக்கும். வால்வைப் பூட்டுங்கள். மிதவை பூட்டியிருக்கும் தூணின் தலைப்பகுதியை அமத்திச் சற்றுத் திருப்பினால் அநேகமானவை கழன்று வரும். வராவிட்டால் பலவந்தம் பண்ண வேண்டாம், பிளாஸ்டிக் உடையும். கழன்றதும் ஒரு கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வால்வைப் பத்து விநாடி திறந்து விடுங்கள். கோப்பை இல்லாவிட்டால் முகட்டுக்கு அடிக்கும். தலைக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வோஷரையும் கழுவுங்கள்.

களுவாஞ்சிக்குடி:
நூல் மாதிரி என்று விட்டுவிடக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு லீற்றர் போனாலே நாளுக்கு 288 லீற்றர். எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீற்றரைப் பாருங்கள், முள் அசைந்தால் இன்னும் எங்கோ ஒழுகுகிறது. தாங்கிக்குள் குளோரின் வில்லை போடுகிறவர்கள் நிறுத்துங்கள், ரப்பரைத் தின்றுவிடும்.

கல்லடி:
நின்றுவிட்டது! வோஷரில் கடுகளவு மணல் ஒன்று பதிந்து குழி விழுந்திருந்தது. கழுவி மறுபக்கம் பிரட்டிப் போட்டேன். தண்ணீர் மட்டம் இப்போது குழாய் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்கிறது. இரவு முழுக்க மீற்றர் அசையவில்லை, அம்மாவும் எழும்பவில்லை. மிச்சம் நன்றி அண்ணன்.

அக்கரைப்பற்று:
நல்லது தங்கச்சி. குழி விழுந்த வோஷர் கனகாலம் நிற்காது. அதைக் கையோடு கொண்டுபோய் ஹாட்வெயார் கடையில் அளவு காட்டி ஒன்று வாங்கி வையுங்கள்.