பழைய பலேனோவுக்கு எந்த இன்ஜெக்டர் பொருந்தும்?

அன்பர்களுக்கு வணக்கம். குமுளியில் நான் ஓட்டும் பழைய 1.6 லிட்டர் பலேனோவில் கேம்ஷாஃப்டையும் எக்ஸாஸ்ட் ஹெடரையும் மாற்றிய பிறகு, லோயர் கேம்ப் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டி திணறுகிறது. கழற்றிப் பார்த்ததில் மூன்றாவது ஸ்பார்க் பிளக் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது; அந்தச் சிலிண்டருக்கு இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனை) போதிய பெட்ரோல் தரவில்லை போலும்.

110 குதிரைத்திறனை நான்கு சிலிண்டருக்கும் பங்கிட்டு, இன்ஜெக்டர் 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று கணக்கிட்டால், ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 180 சிசி பீய்ச்சினால் போதும். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்காகச் சற்றுக் கூட்டி 200 என்று வைத்திருக்கிறேன். மெக்கானிக்கோ 240 வாங்கச் சொல்கிறார் (அவருக்கு எல்லாமே ஒரு சைஸ் பெரிதாக வேண்டும்). இசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை) டியூன் செய்யாமல் அதைப் பொருத்தினால் ஐடிலிங்கில் பெட்ரோல் மிகுந்து கரும்புகை தள்ளாதா? நான்கும் ஒரே அளவில் பீய்ச்சுவதாகச் சோதித்த செட் கம்பத்திலோ கோட்டயத்திலோ கிடைக்குமா, அல்லது பழையவற்றை முதலில் அல்ட்ராசோனிக் முறையில் சுத்தம் செய்து பார்க்கலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.